ஐஜிஜி ரிப்போர்ட்டில் 31 உணவு சிவப்பு: மூன்றரை மாதமா நிறுத்தியதை எப்படித் திரும்பச் சேர்ப்பது?

சித்திரைநிலா (கேள்வி):

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 32, உயரம் 158 செ.மீ., ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்), லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எடுக்கிறாள். ஆன்லைன் ஃபங்ஷனல் மெடிசின் ஆலோசகர் சொல்லி எடுத்த ஐஜிஜி பரிசோதனையில் (உணவுகளுக்கு எதிராக ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பானை அளப்பது) பால், கோதுமை, முட்டை, உளுந்து, துவரை, நிலக்கடலை உட்பட 31 உணவு சிவப்பு, அதாவது ஒத்துக்காது என்று குறி. அது போக, ஏஐபி டயட் (ஆட்டோஇம்யூன் நோய்க்கென்று பல உணவுகளை நீக்கும் முறை) என்று தக்காளி, மிளகாய், கத்திரி, உருளை, கடுகு, சீரகம், காபியும் நிறுத்தம். வீட்டில் சைவம், முட்டை மட்டும் உண்டு.

முதல் மூணு வாரம் உப்புசம் குறைந்தது உண்மை. இப்போ மூன்றரை மாதம் ஆச்சு. 52 கிலோவிலிருந்து 46. முடி கொத்தாகக் கொட்டுது, எந்நேரமும் குளிருது. புது ரிப்போர்ட்டில் டி3 (உடம்பில் வேலை செய்யும் தைராய்டு ஹார்மோன், டி4-லிருந்து உருவாவது) குறைவு. "டி4 சரியா டி3-ஆ மாறலை, குடல் இன்னும் ஆறலை" என்று அரிசியையும் நிறுத்தச் சொல்கிறார்கள். பயோட்டின் 10 மில்லிகிராம், இந்துப்பு எல்லாம் ஓடுது. பரிசோதனைக்கு முன்னால் பாலுக்கும் கோதுமைக்கும் மட்டும்தான் உப்புசம் வரும். அரிசியை நிறுத்தலாமா? மற்றதை எந்த வரிசையில் கொண்டு வருவது?

ஆய்வகமேசை:

அரிசியை நிறுத்த வேண்டாம். அவங்க தட்டில் மிச்சம் இருக்கிற மாவுச்சத்தே அதுதான்.

முதல்ல அந்தச் சிவப்புப் பட்டியல். ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டா அதுக்கு எதிரான ஐஜிஜி, குறிப்பா ஐஜிஜி4, ரத்தத்தில் இருப்பது இயல்பு. உடம்பு அதைப் பழகிக்கிச்சு என்பதன் அடையாளம் அது. ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு நிலக்கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், பழகப் பழக ஐஜிஜி4 ஏறும். அதனால்தான் ரிப்போர்ட்டில் சிவப்பா வருவது பெரும்பாலும் வீட்டு மளிகைச் சீட்டில் இருக்கும் பொருளா இருக்கு: பால், கோதுமை, உளுந்து, துவரை. ஐரோப்பிய ஒவ்வாமை அகாடமி 2008-லயும், கனடா ஒவ்வாமைச் சங்கம் 2012-லயும் இந்தப் பரிசோதனையை வெச்சு உணவை நிறுத்தாதீங்கன்னு எழுதியே சொல்லிட்டாங்க.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தா அது வேற கதை. அது ஐஜிஇ என்ற, உடனடி ஒவ்வாமையைத் தூண்டும் வேறு எதிர்ப்பான் சம்பந்தப்பட்டது. வீட்டில் சோதிக்கவே கூடாது, ஒவ்வாமை மருத்துவர் முன்னாடிதான். அப்படி எதுவும் வந்ததுண்டா?

அடுத்து டி3. இதைக் கவனமாப் படிங்க. சாப்பாடு குறைஞ்சா உடம்பு செலவைச் சுருக்கும். டி4-ஐ டி3-ஆக மாற்றுவதைக் குறைச்சு, வேலை செய்யாத ரிவர்ஸ் டி3 பக்கம் திருப்பும். பட்டினியிலும் கடும் டயட்டிலும் இது எல்லாருக்கும் நடக்கும். மூன்றரை மாதத்தில் 6 கிலோ இறங்கினவருக்கு டி3 குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தட்டை. குளிரும் அதே கணக்குதான். முடியும் அப்படித்தான்: எடை வேகமா இறங்கினா 2, 3 மாதம் கழிச்சுக் கொத்தா உதிரும். இந்த மூணையும் "குடல் ஆறலை"ன்னு வாசிச்சு இன்னொரு உணவைப் பிடுங்கினா, அடுத்த ரிப்போர்ட் இதைவிட மோசமாத்தான் வரும்.

பயோட்டின்: ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினைப் பிடிக்கும் புரதம்) முறையில் ஓடும் லேப் மெஷின்களில் அது டிஎஸ்எச்-ஐப் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைச்சும், டி3, டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். அமெரிக்க எஃப்டிஏ 2017-ல் இதுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. அதாவது உண்மையான டி3 ரிப்போர்ட்டில் உள்ளதைவிடக் கீழே இருக்கலாம், டிஎஸ்எச் நல்லா இருக்குன்னு தப்பாவும் தோணலாம். அடுத்த பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள் நிறுத்திட்டு எடுங்க. 10 மில்லிகிராம் அளவுக்கு எத்தனை நாள் இடைவெளின்னு லேபில் கேட்டுக்கோங்க.

பரிமாறும்கை:

ஏஐபி-யை நம்ம சமையலில் வெச்சுப் பாருங்க. பருப்பு, பால், முட்டை, கடலை, விதை எல்லாம் போச்சு. கடுகு, சீரகம், மல்லி, வெந்தயம் எல்லாம் விதை என்பதால் தாளிப்பே இல்லை. முறைப்படி பார்த்தா ஏஐபி-யில் அரிசியும் கூடாது. அது இன்னும் நிற்காததால் தங்கையின் சைவத் தட்டில் மிஞ்சுவது சோறு, காய், தேங்காய், பழம். 250 கிராம் அரிசியில் 17, 18 கிராம் புரதம், காய்களில் ஒரு 5. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 கணக்கில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 52 கிலோவுக்கு 43 கிராம் வேணும். பாதிதான் போகுது. பி12-க்கோ வழியே இல்லை. கறி, மீன், எலும்புச் சாறு சாப்பிடுறவங்களுக்காக எழுதின திட்டத்தைச் சைவத் தட்டில் அப்படியே இறக்கினதோட விளைவு இது.

ஃபங்ஷனல் மெடிசின்காரர்களின் சொந்த நீக்கல் உணவுமுறையே சுமார் 3 வாரம்தான், அதுக்கப்புறம் திரும்பச் சேர்க்கணும். நடைமுறையில் காணாமப் போவது இந்த இரண்டாம் பாதிதான். ஹாஷிமோட்டோவுக்கு ஏஐபி பற்றி 2019-ல் வந்த ஆய்வு 17 பெண்கள், 10 வாரம், ஒப்பிட வேறு குழு கிடையாது. வாழ்க்கைத் தர மதிப்பெண் கூடினது. தைராய்டு ஹார்மோன் அளவிலும் எதிர்ப்பான்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முதல் மூணு வார நிம்மதியைப் பொய்ன்னு சொல்லலை. கோதுமை, பால், பருப்பு மூணும் ஒண்ணா நின்னா குடலில் நொதிக்கும் சர்க்கரை குறையும், உப்புசமும் குறையும். நோய் எதிர்ப்பு மண்டலத்தை இதுக்குள்ள இழுக்கவே வேண்டாம்.

வரிசைன்னு கேட்டீங்க. முன்பு தொந்தரவே தராத உணவுக்குச் சோதனை எதுக்கு? தக்காளி, மிளகாய், தாளிப்பு, முட்டை எல்லாம் நேரா வரட்டும். பருப்பு மட்டும் மெதுவா: ஊறவெச்சுக் குழைய வேகவெச்ச பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, ரெண்டு நாள் கழிச்சு கால் கப், அப்புறம் அரை கப். அடுத்து துவரை. உளுந்தை இட்லியா ஆரம்பிங்க, மாவு புளிக்கும்போது வாயு தரும் சர்க்கரை கொஞ்சம் கரையும். இத்தனை நாள் பருப்பே காணாத குடலுக்கு முதல் வாரம் வாயு வரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி நிறுத்திடாதீங்க. இந்த இடத்தில்தான் பலரும் திரும்பிப் போயிடறாங்க.

பால்தான் உண்மையான சோதனை. முதலில் ஒரு வாரம் தயிர், மோர். பிறகு காலையில் சாப்பாட்டோடு பால் 60 மி.லி., மறுநாள் 120, மூணாம் நாள் 250. அந்த 250-ல் லாக்டோஸ் சுமார் 12 கிராம். லாக்டோஸ் செரிக்காதவங்களிலேயே பெரும்பாலோர் அவ்வளவு தாங்குவாங்க. சோதிக்கும் மூணு நாளும் வேற புதுசு எதுவும் கூடாது. மாதவிடாய் வாரத்தில் வேண்டாம், அப்போ வரும் உப்புசத்தையும் பால் மேல எழுதிடுவீங்க. தொந்தரவை 0 முதல் 10 வரை எண் போட்டுக் குறிங்க, இரவு ஒரே தடவை. மணிக்கு மணி வயிற்றைக் கவனிச்சா எல்லாருக்கும் ஏதாவது தெரியும்.

கோதுமை கடைசி. அதுக்கு முன்னாடி சீலியாக் (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) இருக்கான்னு பார்க்கணும், தைராய்டு எதிர்ப்பான் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலா வரும். கோதுமை நிறுத்தின நிலையில் டிடிஜி-ஐஜிஏ (சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்தா பொய்யா நார்மல் வரலாம். தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை, 6 வாரம் சாப்பிட்ட பிறகு எடுங்க, மொத்த ஐஜிஏ-வும் சேர்த்து. நடுத்தரச் சப்பாத்தி ஒண்ணில் குளூட்டன் சுமார் 2.5 கிராம், நாளுக்கு 4 போட்டா 10 கிராம் ஆகும். அது தாங்காதுன்னா எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை இருக்கு. ரெண்டும் இல்லைன்னா சீலியாக் அநேகமா இல்லைன்னே வெச்சுக்கலாம்.

இந்துப்பை வெச்சுட்டு அயோடின் உப்புக்கு மாறுங்க. அயோடின் சொட்டு, கெல்ப் (கடற்பாசி) மாத்திரை ஏதாவது இருந்தா அதை நிறுத்துங்க. ஹாஷிமோட்டோவில் அயோடின் மிகையும் கெடுதல்தான்.

ஆற்றுமணல்:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 46 கிலோ, 158 செ.மீ. என்றால் பிஎம்ஐ 18.4. இறங்கினது 11 சதவீதத்துக்கு மேல். பிஎம்ஐ 18.5-க்குக் கீழ், 3 முதல் 6 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு, இந்த ரெண்டும் சேர்ந்தா மறுஊட்டல் சிக்கலுக்கு (குறைவாச் சாப்பிட்டவங்க திடீர்னு நிறையச் சாப்பிட்டா ரத்தத்தில் தாது உப்புகள் சரிவது) கவனம் தேவைன்னு பிரிட்டனின் நைஸ் மருத்துவ வழிகாட்டி சொல்லுது. தினமும் சோறு சாப்பிடுறவங்க என்பதால் பயம் குறைவுதான். ஆனாலும் மருத்துவரைப் பார்த்துப் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூணும் ஒரு தடவை எடுத்துட்டு, அளவை ஒரு வாரத்தில் படிப்படியாக் கூட்டுங்க. ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி-யும் அதே ரத்தத்தில் போகட்டும்.

இன்னொண்ணு, யாரும் கேட்கலை. தங்கைக்குச் சாப்பாட்டு மேல பயம் வந்திருக்கா? கல்யாணப் பந்தியில் உட்காராம டப்பா கொண்டு போறது, வேற யார் சமைச்சாலும் தொடாதது, ஒரு வாய் தப்பாப் போனா மறுநாள் பட்டினி. சுத்தமாச் சாப்பிடணும் என்பதே பிடியாக மாறுவதற்கு ஸ்டீவன் பிராட்மன் 1997-ல் ஆர்தோரெக்ஸியா என்று பேர் வெச்சார். இதில் எடை இறங்கணும் என்ற ஆசை இருக்கணும்னு இல்லை, அதனாலேயே வீட்டில் யாருக்கும் பிடிபடாது. 31 உணவை விஷம்னு அச்சடிச்சுக் கொடுத்த தாளை மூன்றரை மாதம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வெச்சுப் பார்த்தவங்களுக்குப் பயம் வருவது அவங்க தப்பில்லை. முதலில் அந்தத் தாளைக் கழற்றுங்க. தட்டு முன்னாடி வாதம் வேண்டாம், பேசுவதை வேறு நேரத்தில் பேசுங்க. மாதவிடாய் 3 மாதம் நின்றிருந்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஓய்வில் நாடி 50-க்குக் கீழ் போனாலோ சேர்ப்பு வரிசையெல்லாம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி.

சித்திரைநிலா:

தடிப்பு, மூச்சுத்திணறல் எப்பவும் இல்லை. மாதவிடாய் போன மாதம் வரலை, அதையும் டாக்டரிடம் சொல்கிறேன். பால் திரும்ப வந்தா தைராய்டு மாத்திரையோட மோதுமா?

ஆய்வகமேசை:

மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணியோட. பால், காபி, டிபன் எல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சு. கால்சியம், இரும்பு மாத்திரை கொடுத்தா 4 மணி நேர இடைவெளி. சாப்பாடும் எடையும் மாறுவதால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பாருங்க, பயோட்டினை நிறுத்திட்டு.