பசியைக் கணக்கிடுவது விளையாட்டா, வேலையா?

கேள்வி: 'தி லாங் டார்க்' விளையாட்டில் கனடாவின் பனிக்காட்டில் ஒவ்வொரு கலோரியையும் எண்ணி வாழ்வதில் முதலில் இருந்த பரபரப்பு, இருபது மணி நேரத்துக்குப் பிறகு கணக்கெழுதும் வேலையாகிவிட்டது. உயிர்பிழைக்கும் விளையாட்டுகளில் உண்மைத்தன்மை எந்த அளவில் நிற்க வேண்டும்?

மறுமொழி 1: அளவைவிட, பசி நம்மை என்ன செய்யத் தூண்டுகிறது என்பதே முக்கியம். 2021இல், முழுமை பெறுமுன்பே முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்த 'வால்ஹைம்' விளையாட்டில் பட்டினியால் யாரும் சாவதில்லை. ஒரே நேரத்தில் மூன்று வகை உணவு உண்டால் உடல்நலத்தின் உச்சவரம்பும் தாங்குதிறனும் உயர்கின்றன. ஆகவே பெரிய சண்டைக்குப் புறப்படுமுன் தேனும் சுட்ட மான் இறைச்சியும் தேடி அலைவது தண்டனையாக அல்லாமல் ஆயத்தமாகவே தோன்றுகிறது.

மறுமொழி 2: ஓரளவே உடன்படுகிறேன். லாங் டார்க்கில் பகலெல்லாம் பட்டினி கிடந்து, படுக்குமுன் மட்டும் உண்டு உணவை மிச்சப்படுத்தும் குறுக்குவழி இருந்தது (நானும் அப்படித்தான் பிழைத்தேன்). பின்னர், தொடர்ந்து மூன்று நாள் பட்டினியின்றி இருப்பவர் 5 கிலோ கூடுதலாகச் சுமக்கலாம் என்ற சலுகையைச் சேர்த்தார்கள். கடுமை அப்படியே இருக்க, ஒழுங்காக உண்பதற்கும் காரணம் கிடைத்தது.

கேட்டவர்: கடலுக்கடியில் உயிர்பிழைக்கும் 'சப்நாட்டிகா' விளையாட்டில் பசியும் தாகமும் இல்லாத முறையை முயன்றேன். மீன் பிடிக்கும் தேவையே போய்விட்டதால், இரண்டாம் நாளே பழைய முறைக்குத் திரும்பிவிட்டேன்.