சர்வர் 2019-க்கு மாறிய பிறகு ஷேர் ஃபோல்டரில் கோப்பு ஏற மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

அச்சகத் தம்பி, ஜார்ஜ்டவுன்:
வணக்கம். பினாங்கில் ஒரு சின்ன அச்சகத்தில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். எட்டுக் கணினிகள், ஒரே சர்வர். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான நீட்டிப்பு ஆதரவும் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதனால் போன வாரக் கடைசியில் ஹைப்பர்-வி ஹோஸ்ட் (விர்ச்சுவல் கணினிகளைத் தாங்கும் நிஜ சர்வர்), அதற்குள் விஎம்மாக, அதாவது விர்ச்சுவல் கணினியாக, ஓடும் ஃபைல் சர்வர் இரண்டையும் 2019-க்கு மாற்றினேன்.

முன்பு நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும். இப்போது 3 எம்பிதான். 2 ஜிபி பேனர் கோப்பு ஒன்றைச் சேமிக்க டிசைனர் பதினோரு நிமிடம் காத்திருக்கிறார். தைப்பூசம் நெருங்குகிறது, தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் வைக்கும் பந்தல் பேனர்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், கேபிளையும் மாற்றினேன். பலன் இல்லை.

பட்டர்வொர்த்வாசி:
கேபிள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை தம்பி. லைன் 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கியிருந்தால்கூட நொடிக்கு 11, 12 எம்பி வந்திருக்கும். இரண்டு விஷயம் சொல்லுங்கள். சர்வரிலிருந்து எடுக்கும்போதும் மெதுவா, இல்லை, சர்வருக்குப் போடும்போது மட்டுமா? அப்புறம், ஹோஸ்டிலேயே ஒரு ஷேர் ஃபோல்டர் திறந்து அதே கோப்பை அங்கே போட்டுப் பாருங்கள்.

ஈப்போ நண்பர்:
எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் கோப்புப் பகிர்வின் பழைய முறை) ஆன் செய்து, சைனிங்கை (வரும் தகவலை இடையில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்ப்பது) எடுத்துவிடுங்கள். எங்கள் பழைய ஸ்கேனர் அப்படித்தான் வேலை செய்தது.

பட்டர்வொர்த்வாசி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். சைனிங் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் 1 ஜிகாபிட் லைனை 3 எம்பிக்கு இறக்காது. வேகத்துக்காகப் பூட்டைக் கழற்ற வேண்டிய இடம் இது இல்லை.

அச்சகத் தம்பி:
பார்த்துவிட்டேன் அண்ணே. சர்வரிலிருந்து எடுத்தால் 105 எம்பி. போட்டால் 3. ஹோஸ்டில் நேராகப் போட்டால் 100-க்கு மேல் போகிறது!

பட்டர்வொர்த்வாசி:
அப்படியென்றால் நெட்வொர்க் கார்டும் டிஸ்கும் நன்றாக இருக்கின்றன. இடையில் கார்டையும் விஎம்மையும் இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்சில்தான் சிக்கல். ஆர்எஸ்சி என்று ஒன்று உண்டு. உள்ளே வரும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்து சிபியு வேலையைக் குறைக்கும். 2019-இலிருந்து விர்ச்சுவல் ஸ்விட்சும் இதைத் தானே செய்கிறது, அதுவும் வெளி நெட்வொர்க்கோடு இணையும் எக்ஸ்டர்னல் ஸ்விட்சில் ஆரம்பத்திலேயே ஆனில் இருக்கும். சில கார்டு, டிரைவர்களோடு அது ஒத்துப்போவதில்லை. உள்ளே வருவது மட்டும் உங்களுக்கு மெதுவாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

முதலில் கார்டு டிரைவரைப் புதுப்பியுங்கள். சரியாகவில்லை என்றால், ஹோஸ்டில் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, செட்-விஎம்ஸ்விட்ச் கட்டளையில் எனேபிள்சாஃப்ட்வேர்ஆர்எஸ்சி என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். ஹோஸ்டில் செய்ய வேண்டும், விஎம்முக்குள் இல்லை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கடை மூடிய பிறகு செய்யுங்கள், யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கப் போகிறார்கள்.

அச்சகத் தம்பி:
நேற்று இரவு செய்தேன். டிரைவர் மாற்றியும் 3 எம்பியிலேயே நின்றது. ஆர்எஸ்சியை நிறுத்திவிட்டு ஷேரை மறுபடி இணைத்தேன். அதே 2 ஜிபி கோப்பு இருபதே நொடியில் ஏறியது. டிசைனர் நம்பாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார். மிக்க நன்றி அண்ணே.

பட்டர்வொர்த்வாசி:
சந்தோஷம் தம்பி. நாளைக்குப் புதிதாக ஒரு விர்ச்சுவல் ஸ்விட்ச் உருவாக்கினால் அதில் ஆர்எஸ்சி மறுபடி ஆனில்தான் இருக்கும். சர்வர் நோட்டில் குறித்து வைத்துவிடுங்கள்.