வாட்ஸாப்பில் கேலரி லிங்க் போட்டால் மாப்பிள்ளைக்குப் பதில் என் உதவியாளர் வருகிறான்

செட்டிநாட்டுக் கேமரா:
கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். படங்களை என் சொந்தத் தளத்துல கேலரியா ஏத்தி, வீட்டாருக்கு லிங்க் மட்டும் அனுப்புவேன். போன வாரம் பொண்ணோட சித்தப்பா அதைக் குடும்ப குரூப்ல போட்டார். முன்னோட்டத்துல, சாம்பல் அட்டையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு என் உதவியாளர் பையன் நிக்கிறான்! நிறம் சரியா வர்றதுக்கான ஒயிட் பேலன்ஸுக்காக மண்டபத்துல முதல்ல எடுத்த படம். தலைப்பு 'கேலரி 47'. "யாருப்பா இது, மாப்பிள்ளையை மாத்திட்டீங்களா?"ன்னு குரூப்ல ஒரே கலாட்டா.

படத்தை அழிச்சுட்டேன். இப்பவும் அவனேதான் வர்றான். இன்னொரு கேலரியில ஜோடி சரியா வருது, ஆனா கழுத்துக்கு மேல காணோம். என்ன பண்ண?

வலைத்தச்சன்:
அண்ணே, பக்கத்தோட சோர்ஸை, அதாவது பின்னாடி இருக்குற கோடைத் திறந்து, மேல ஹெட் பகுதியில 'ஓஜி இமேஜ்' டேக் இருக்கான்னு பாருங்க. முன்னோட்டத்துல எந்தப் படம் வரணும்னு சொல்ற வரி அது. ஓஜின்னா ஓப்பன் கிராஃப், ஃபேஸ்புக் 2010ல கொண்டுவந்த முறை. இன்னைக்கு வாட்ஸாப், டெலிகிராம், லிங்க்ட்இன் எல்லாம் அதைத்தான் படிக்குது. நீங்க படம் குறிக்காததால உங்க மென்பொருள் முதல் ஃபைலை எடுத்துக் கொடுத்திருக்கும். தலைப்புக்கான 'ஓஜி டைட்டில்' டேக்கும் கேலரிக்குக் கேலரி தனியா எழுதுங்க.

டேக்ல படத்துக்கு https-ல ஆரம்பிக்கிற முழு முகவரி கொடுக்கணும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடின பிறகு டேக் வர்ற மாதிரி வச்சா வீண். முன்னோட்டம் எடுக்க வர்ற பாட் (தானா ஓடுற நிரல்) பெரும்பாலும் ஸ்கிரிப்டை ஓட்டாது.

கழுத்து போனதுக்குக் காரணம், நின்னவாக்குப் படம். 1200க்கு 630 பிக்சல்ல அகலவாக்கா தனியா ஒண்ணு வெட்டி வைங்க. சில இடத்துல சின்னச் சதுரமாத்தான் காட்டும், அதனால முகம் ரெண்டும் நடுவுல இருக்கட்டும்.

செட்டிநாட்டுக் கேமரா:
டேக் போட்டாச்சு தம்பி. இப்ப படமே வரலை, தலைப்பு மட்டும் வருது. கேமராவுல இருந்து வந்த ஃபைலையே கொடுத்தேன், 9 எம்பி.

மாலைநேரக் கோடர்:
அங்கதான் கோளாறு. வாட்ஸாப்புக்கு 600 கேபிக்குள்ள இருக்கணும். நான் 300ஐத் தாண்ட விடமாட்டேன்.

பழைய படம் விடாம வர்றதுக்குக் காரணம் கேஷ் (cache), அதாவது முன்னாடி படிச்சதைச் சேமிச்சு வச்சு அதையே காட்டுறது. ஃபேஸ்புக்குக்கு அவங்களோட ஷேரிங் டீபக்கர்ங்கிற கருவியில லிங்கைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லலாம். டெலிகிராமுக்கு வெப்பேஜ்பாட்டுக்கு (@WebpageBot) லிங்கை அனுப்பினா போதும். வாட்ஸாப்புக்கு அப்படி ஒரு கதவு இல்லை; லிங்க் கடைசியில கேள்விக்குறி போட்டு 'வி=2'ன்னு சேர்த்து அனுப்புங்க, புதுசுன்னு நினைச்சுப் படிக்கும். ஏற்கெனவே குரூப்ல விழுந்தது மாறாது. அனுப்புறவர் போன்லயே முன்னோட்டம் தயாராகி மெசேஜோட போயிடுது.

கும்பகோணம் ஃபிரேம்ஸ்:
நானும் இதே தொழில்தான் சார். ஒண்ணு கவனிங்க: கேலரிக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் ஓஜி படம் பூட்டுக்கு வெளியிலதான் கிடக்கும். லிங்க் எந்த குரூப்புக்குப் போனாலும் அது தெரியும். ஒரு வீட்டுல பொண்ணு முகம் வெளியே போகக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதுலருந்து நான் மருதாணிக் கை, தேங்காய் மேல வச்ச தாலி, இல்லேன்னா வாசல் கோலம்தான் வைக்கிறேன். முகம் வேணும்னா கேட்டுட்டு வைப்பேன்.

செட்டிநாட்டுக் கேமரா:
வந்துடுச்சு! 210 கேபி, மாலை மாத்துற படம், பொண்ணு வீட்டுல கேட்டுத்தான் வச்சேன். தலைப்புல ரெண்டு பேர் பேரும் தேதியும். சித்தப்பாவுக்குப் புது லிங்க் அனுப்பினேன், "பழைய பையன் எங்கப்பா?"ன்னு கேக்குறார். பையன் அந்தச் சாம்பல் அட்டைப் படத்தையே டிபியா வச்சிருக்கான்.