இரண்டாவது ஓப்பன் ஹார்ட்: ஆஞ்சியோ எடுத்த பிறகும் சிடி எதற்கு?

செல்வி, பெங்களூரு:
அப்பாவுக்கு 66 வயது. 2011-ல் சேலத்தில் பைபாஸ். லிமா (மார்பின் உட்புற இடது தமனி) கிராஃப்ட் ஒன்று, காலிலிருந்து எடுத்த சிரை கிராஃப்ட் இரண்டு; கிராஃப்ட் என்றால் அடைப்பைச் சுற்றிப் போக ஒட்டிய மாற்றுக் குழாய். இப்போது அயோர்ட்டிக் வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, இங்கே மறு ஆபரேஷன் சொல்கிறார்கள். எக்கோ, ஆஞ்சியோ முடிந்தும் சிடி ஆஞ்சியோ கேட்கிறார்கள். கிரியேட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) 1.4, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. அவசியமா?

இதய சர்ஜன்:
அவசியம்தான். ஆஞ்சியோ குழாய்க்குள் இருக்கும் அடைப்பைக் காட்டும். மார்பெலும்புக்குப் பின்னால் எது, எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பதை சிடிதான் காட்டும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு வலது வென்ட்ரிக்கிளோ (இதயத்தின் வலது கீழறை) அயோர்ட்டாவோ (பெருந்தமனி) எலும்பின் பின்புறத்தில் ஒட்டியிருக்கலாம். ரம்பம் அதில் பட்டால் ரத்தம் கொட்டும். இடைவெளி 1 செ.மீ.க்குக் குறைவென்றால் உஷாராகிவிடுவோம். ஒட்டியே தெரிந்தால் தொடை அல்லது அக்குள் ரத்தக்குழாய் வழியாக முதலில் பம்ப்பை (இதய-நுரையீரல் இயந்திரம்) இணைத்துவிட்டுத்தான் நெஞ்சைத் திறப்போம்.

லிமா நடுக்கோட்டைத் தாண்டி ஓடுகிறதா என்பதும் முக்கியம். இதயத்தின் முன்சுவருக்கு அதுவே ஆதாரம், அறுபட்டால் மாரடைப்புதான். ஒன்று மட்டும்: சிடி தூரத்தைக் காட்டும், ஒட்டுதல் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டாது. இடைவெளி நன்றாக இருந்தாலும் தொடையைத் தயாராகவே வைத்திருப்போம்.

சிடி டெக்னீஷியன்:
இசிஜி கேட்டிங்கோடு (இதயத் துடிப்போடு ஒத்திசைத்து), 1 மி.மீ.க்கு மிகாத ஸ்லைஸில் எடுக்க வேண்டும். சாதாரண செஸ்ட் சிடியில் இதயத் துடிப்பால் கிராஃப்ட் கலங்கிவிடும். லிமா கழுத்தெலும்புக்குக் கீழே ஓடும் தமனியில் கிளைப்பதால், ஸ்கேன் அதற்கு மேலிருந்து தொடங்கித் தொடை வரை போகட்டும். கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் மருந்து) ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது கையில் போட்டால் அந்தப் பக்கத்து சிரையில் அடர்த்தியான மருந்து நின்று, லிமா தொடங்கும் இடத்தையே கோடு கோடாக மறைத்துவிடும்.

வால்வு சுருக்கம் கடுமை என்பதை ரிக்வெஸ்டில் எழுதச் சொல்லுங்கள். நைட்ரோ (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) கொடுக்காமல் இருக்க அது உதவும். ஆஞ்சியோ சமீபத்தில் என்றால் கிரியேட்டினினை மறுபடி பார்த்துவிட்டு எடுங்கள். மெட்ஃபார்மினை நிறுத்துவதா என்பதை இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) பார்த்து டாக்டர் சொல்வார். சிறுநீரகம் ரொம்ப பலவீனமென்றால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தாலும் எலும்பு இடைவெளியும் அயோர்ட்டாவின் சுண்ணாம்புப் படிவும் தெரியும். கிராஃப்ட் திறந்திருக்கிறதா என்பது தெரியாது.

கார்டியாக் அனஸ்தீசியா:
சேலத்துப் பழைய ஆபரேஷன் நோட்டை எப்படியாவது வாங்கிவிடுங்கள். பெரிகார்டியத்தை (இதயத்தைச் சுற்றிய உறை) மூடினார்களா, கிராஃப்ட்டை எங்கே வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். தியேட்டரில் ஷாக் பேட்களை முன்கூட்டியே உடம்பில் ஒட்டிவிடுவோம். நெஞ்சு முழுதும் திறக்கும்வரை உள்ளே ஷாக் கொடுக்கும் பேடில் (கைப்பிடித் தகடு) வைக்க இடமிருக்காது. சரிபார்த்த ரத்தமும் அறைக்குள்ளேயே இருக்கும்.

இன்னொன்று, டாவி (நெஞ்சைத் திறக்காமல் பெரும்பாலும் தொடைக் குழாய் வழியாக வால்வு வைப்பது) பற்றியும் கேளுங்கள். வால்வு வளையத்தின் அளவு, தொடைத் தமனியின் அகலம் இரண்டும் இதே ஸ்கேனில் கிடைத்துவிடும். பிலிமோடு நிற்காமல் முழுப் படங்களும் உள்ள டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு வெட்டில் அளக்க அதுதான் வேண்டும்.