ஹாட்ஷூ தேஞ்சிருக்கு, ஷட்டர் கவுண்ட் மட்டும் 18,000-ஆ?

முகூர்த்தம்:
நேத்து புதுக்கேமராங்கிற பேர்ல எழுதுற தம்பி நம்ம கேமரா மன்றத்துல, எந்தப் பழைய கேமராவை வாங்கலாம்னு ஒரு கேள்வி போட்டிருந்தார். பழைய நிக்கான் டி750 ரெண்டு பார்த்து வச்சிருக்கார். ஒண்ணு ஒரே ஆள் கையில இருந்தது, ஷட்டர் கவுண்ட் (உள்ள ஒளியை விடுற ஷட்டர் திரை இதுவரை எத்தனை தடவை ஓடியிருக்குங்கிற கணக்கு) 1,42,000, விலை 38,000 ரூபாய். இன்னொண்ணு கடையில இருக்கு, கவுண்ட் 18,000, விலை 47,000. அதுக்கு எண்கணக்குங்கிற உறுப்பினர் ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டார்: "முதலாவது செத்த கேமரா, ரெண்டாவதைக் கண்ணை மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடிட்டு வாங்கச் சொல்றதுக்கு ஆலோசனைன்னு பேரா? தம்பி போட்ட படத்தை நான் பெருசாக்கிப் பார்த்தேன். அந்த ரெண்டாவது பாடியில (லென்ஸ் இல்லாத கேமராவுல) ஹாட்ஷூ, அதாவது மேல ஃபிளாஷ் மாட்டுற இடம், அதோட தண்டவாளம் ரெண்டு பக்கமும் கறுப்பு பெயிண்ட் போய் வெறும் உலோகம் தெரியுது. கட்டைவிரல் வைக்கிற இடத்துல ரப்பர் உப்பிக் கிளம்பியிருக்கு. ஸ்ட்ராப் மாட்டுற காதுல பள்ளம் விழுந்திருக்கு. கல்யாணத்துல உழைச்ச கேமரா அது. முகூர்த்தமும் வரவேற்பும் சேர்ந்தா எங்க ஆளுங்க 3,000 கிளிக் சாதாரணமா அடிப்பாங்க. அப்போ 18,000-ங்கறது ஆறு கல்யாணம். ஆறு கல்யாணத்துல ஹாட்ஷூ இப்படித் தேயாது.

எண்கணக்கு:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கியிருக்கிறீர்கள், சரி. டி750-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்று நிக்கானே சொல்கிறது. 1,42,000 போய்விட்டது. மிச்சம் 8,000. உங்கள் கணக்குப்படியே மூன்று கல்யாணம்கூட முழுதாக வராது. இதற்கு 38,000 ரூபாய் கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஹாட்ஷூ பெயிண்ட் ஒரு ஆதாரமே இல்லை. ஃபிளாஷ் டிரிக்கரை (தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் கருவியை) தினமும் மாட்டிக் கழற்றினால் ஒரு மாதத்தில் பெயிண்ட் போய்விடும். அது ஷட்டரோடு சம்பந்தப்பட்ட பாகமே அல்ல.

முகூர்த்தம்:
ஒரு மாசத்துல போயிடுமா? நீங்க எத்தனை டிரிக்கர் மாட்டியிருக்கீங்க சார்? உங்க படமெல்லாம் பால்கனியில பூத்த செம்பருத்திதானே, அதுக்கு ஃபிளாஷ் எதுக்கு?

1,50,000 காலாவதி தேதி இல்லை. அந்த எண்ணுக்கு முன்னாடியே போன ஷட்டரும் உண்டு, ரெண்டு மடங்கு ஓடின ஷட்டரும் உண்டு.

சிட்டுக்குருவி:
ஒரு சின்னக் கேள்வி. 1,50,000 முறை சோதிக்கப்பட்டதுன்னா என்ன அர்த்தம்? எல்லா ஷட்டரும் அதுவரைக்கும் ஓடும்னு உத்தரவாதமா, இல்லை சராசரியா? இதைத் தெளிவா பேசிட்டா பாதிச் சண்டை முடிஞ்சிடுமே.

எண்கணக்கு:
மிச்சம் 8,000. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

கேனன்தாசன்:
நிக்கான்காரங்களுக்கு ஒவ்வொரு ஃபைல்லயும் கவுண்ட் எழுதி வருது, அதான் இவ்ளோ அலட்டல். எங்க கேனன்ல பெரும்பாலான மாடல்ல படத்துக்குள்ள கவுண்டே இருக்காது. யூஎஸ்பி கேபிள் போட்டு தனி சாஃப்ட்வேர்ல பார்க்கணும். நாங்க பாடியைக் கையில எடுத்து, காதுல வச்சு, சத்தம் கேட்டு வாங்குறோம். எங்க ஆளுங்க யாரும் ஏமாந்து தெருவுக்கு வரல.

எண்கணக்கு:
கேனனின் முதல் 5டி கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடியே பசை விட்டுக் கழன்று விழுந்து, கேனன் இலவசமாகச் சரிசெய்து கொடுத்ததே, அந்தச் சத்தம் காதில் கேட்டதா?

கேனன்தாசன்:
2005-ல வந்த கேமராவை வச்சு இன்னைக்குப் பேசுறீங்க. அப்போ உங்க டி600 சென்சார்ல எண்ணெய் தெறிச்ச கதையை நான் எடுக்கவா? ஒரே வருஷத்துல டி610-ன்னு பேரை மாத்தி விட்டாங்களே!

முகூர்த்தம்:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. டி600 பேச்சை எடுத்ததும் நல்லதுதான், விஷயமே அதுல இருக்கு. 2014-ல நிக்கான் டி600-க்கு ஷட்டரையே இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. டி750-க்கும் அதே கதை. 2014-ல வந்த கேமரா. ஷட்டர் சரியா வேலை செய்யாம படத்துல ஒரு பக்கம் இருட்டு விழுதுன்னு 2015 ஜூலையில அறிவிச்சு, 2016-லயும் 2017-லயும் அந்தப் பட்டியலை நீட்டினாங்க. எத்தனையோ பாடிக்குப் புது ஷட்டர் போட்டாச்சு. ஷட்டரை மாத்தினா கவுண்ட்டைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியும். அப்போ 18,000 அந்தப் பாடியோட வயசா, உள்ள போட்ட ஷட்டரோட வயசா? ஹாட்ஷூவைப் பாருங்க, பதில் அங்க இருக்கு.

எண்கணக்கு:
அந்தக் கேமராவுக்குச் சர்வீஸ் நடந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸிஃபில் (படக் கோப்போடு பதிவாகும் விவரத்தில்) 18,000 என்று இருக்கிறது, முடிந்தது. ஒருவேளை ஷட்டர் மாற்றியிருந்தால் இன்னும் நல்லதுதானே, புது ஷட்டர் கிடைக்கிறது. எப்படிப் பார்த்தாலும் என் பக்கம்தான் வருகிறது.

முகூர்த்தம்:
புது ஷட்டர், பழைய கேமரா. கண்ணாடிப்பெட்டி, அதைத் தூக்கி இறக்குற மோட்டார், டயல், பட்டன், கார்டு ஸ்லாட் எல்லாம் கிழடு. அதுக்கு 9,000 ரூபாய் அதிகம் கொடுக்கணுமா? வண்டிக்கு இன்ஜினை மாத்திட்டு மீட்டரைப் பூஜ்யமாக்கினா ஷோரூம் வண்டி ஆயிடுமா?

தம்பி, நீ இவங்க சண்டையை விடு. கடைக்குப் போறப்போ உன் மெமரி கார்டு ஒண்ணு எடுத்துட்டுப் போ. அதுல நீயே ஒரு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து எக்ஸிஃப்டூல்ங்கிற சாஃப்ட்வேர்ல திற. கவுண்ட்டோட சீரியல் நம்பரும் அதுல வரும். பாடிக்கு அடியில இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணா பாரு. அதே நம்பரை நிக்கான் தளத்துல போட்டா அந்த ஷட்டர் அறிவிப்புல உன் பாடி வருதான்னு தெரிஞ்சிடும். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா எக்ஸிஃப் போயிடும், கடைக்காரர் அனுப்பினதை நம்பாதே.

அப்புறம் ஷட்டர் வேகம் 1/4000 விநாடி வச்சு வெளுத்த வானத்தை வரிசையா இருபது படம் அடி. ஏதாவது ஒண்ணுல ஓரம் இருண்டிருந்தா ஷட்டர் திரை தடுமாறுதுன்னு அர்த்தம். லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப்16-ல வெள்ளைச் சுவரை எடு, சென்சார் தூசி புள்ளி புள்ளியா தெரியும். லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது விநாடி எக்ஸ்போஷர் கொடு, கறுப்புப் படத்துல புள்ளியா மின்னுற ஹாட் பிக்சல் வெளிய வரும். அடித்தட்டு ஸ்குரூ தலையைப் பாரு, பிளஸ் குறி சிதைஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்க. மெனுவுல பேட்டரி இன்ஃபோன்னு இருக்கும், பேட்டரி வயசு 0-ல இருந்து 4 வரைக்கும் காட்டும். 18,000 கிளிக் அடிச்ச பாடியோட வந்த பேட்டரி 4 காட்டினா ஏன்னு கேளு.

புதுக்கேமரா:
ரொம்ப நன்றி அண்ணே. கடைக்காரர் வெளிய எடுத்துட்டுப் போய்ப் படம் எடுக்க விடமாட்டேங்கறார். கடைக்குள்ளயே எடுத்துப் பாருங்கன்னு சொல்றார். டியூப்லைட் வெளிச்சத்துல 1/4000 சரியா வருமா?

எண்கணக்கு:
வராது. டியூப்லைட் மின்னும், அதில் நல்ல ஷட்டருக்கும் பட்டை விழும். பிறகு அதையும் ஷட்டர் கோளாறு என்று இங்கே எழுதுவார்கள். கவுண்ட் ஒன்றே போதும் தம்பி. 18,000.

கோடம்பாக்கம்:
கவுண்ட் போதும்னு சொல்றவங்க வீடியோவை மறந்துட்டீங்க. நான் டி750-ல குறும்படம் எடுத்தவன். ரெக்கார்ட் ஓடும்போது கண்ணாடி மேலயே நிக்கும், கவுண்ட் ஏறவே ஏறாது. நாள் பூரா சென்சார் சூடேறிக் கிடக்கும், கவுண்ட் அப்படியேதான் இருக்கும்.

எண்கணக்கு:
வீடியோ எடுத்தால் ஹாட்ஷூ தேயுமா? மைக் மாட்டினால் தேயும்! ஆக ஹாட்ஷூ தேய்ந்ததற்கு இன்னொரு காரணம் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். முகூர்த்தம் வாதம் அங்கேயே விழுந்தது.

முகூர்த்தம்:
விழல, எழுந்து நிக்குது! மைக் மாட்டி வீடியோ ஓட்டின பாடின்னா உழைப்பு இன்னும் ஜாஸ்தி, கவுண்ட் இன்னும் கம்மியாக் காட்டும். நான் சொல்றதும் அதைத்தானே? ஹாட்ஷூ தேஞ்சிருக்கு, அதுக்கு 18,000 கிளிக் காரணம் இல்லை.

எண்கணக்கு:
பெயிண்ட் தரத்தைப் பொறுத்தது.

முகூர்த்தம்:
ஒரே ஃபேக்டரி பெயிண்ட்தான் சார் எல்லாத்துக்கும். 1,42,000 ஓடின முதல் பாடியோட ஹாட்ஷூவைப் பாருங்க, தம்பி அதையும் படம் போட்டிருக்கார். ஓரத்துல மட்டும் லேசா உரசல். அந்த ஆள் பறவை எடுக்கிறவர். விநாடிக்கு ஆறரை படம் வீதம் மீன்கொத்தியை அடிச்சு கவுண்ட் ஏறியிருக்கு, பாடி உழைக்கல.

சிட்டுக்குருவி:
நானும் பறவைதான் எடுக்கிறேன். பாடி உழைக்கலைன்னு சொல்லாதீங்க அண்ணா. வேடந்தாங்கல்லயும் பழவேற்காட்டுலயும் காலையில ஈரத்துல நிக்கிற கேமரா அது. உப்புக்காத்து படும். லென்ஸ் மாட்டுற மவுண்ட் ஸ்குரூ, ஃபிளாஷ் முனை எல்லாம் துரு பிடிச்சிருக்கான்னு பார்க்காம முதல் பாடியையும் வாங்கக்கூடாது. இதை ரெண்டு பேருமே சொல்லல.

கேனன்தாசன்:
லென்ஸும் சேர்த்து வாங்குறதா இருந்தா ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னு பாருப்பா. மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடிச்சு முன்பக்கம் பார்த்தா சிலந்தி நூல் மாதிரி தெரியும். நம்ம ஊர் ஈரத்துக்கு அரிசி டப்பாவுல போட்டு வச்சா போதும்.

சிட்டுக்குருவி:
அரிசி வேண்டவே வேண்டாம். மாவுதான் உள்ள போகும். சிலிக்கா ஜெல்லோ டிரை கேபினெட்டோ வாங்குங்க.

எண்கணக்கு:
ஃபங்கஸ் பேச்சு வந்ததும் முகூர்த்தம் மௌனமாகிவிட்டார், கவனித்தீர்களா? போன தீபாவளிக்கு விற்பனைப் பகுதியில் அவர் போட்ட 85எம்எம் லென்ஸ் எப்படி இருந்தது என்று வாங்கியவரைக் கேட்டால் தெரியும்.

முகூர்த்தம்:
மண்டபத்துல வேலையில இருந்தேன், பதில் போட நேரமில்லை. அந்த லென்ஸ்ல முன் கண்ணாடியில கீறல் இருக்குன்னு நானே வட்டம் போட்டுக் காட்டித்தான் வித்தேன். ஃபங்கஸ்னு ஒருத்தரும் சொல்லல. வாங்கினவர் இங்கதான் இருக்கார், வந்து சொல்லட்டும். தொழில் பண்றவன் பேரை இப்படிக் கெடுக்காதீங்க. பேச்சு ஹாட்ஷூவைப் பத்தி.

எண்கணக்கு:
பேச்சு 8,000 மிச்சத்தைப் பற்றி.

புதுக்கேமரா:
அண்ணே, சார், கடைக்கு போன் பண்ணிக் கேட்டேன். 2017-ல சர்வீஸ் போயிருக்கலாம், பில் கையில இல்லைன்னு சொல்றார். இப்போ என்ன பண்றது?

எண்கணக்கு:
ஒன்பது ஆண்டுக்கு முந்தைய பில்லை எந்தக் கடைக்காரர் வைத்திருப்பார்? அது இயல்புதான். வாங்குங்கள்.

முகூர்த்தம்:
சர்வீஸே நடக்கலைன்னு மேல எழுதினது நீங்கதான். இப்போ நடந்திருக்கலாம்னு கடைக்காரரே சொல்றார், உடனே பில் இல்லாதது இயல்புன்னு மாத்திட்டீங்க. தம்பி, பில் இல்லைன்னா 47,000-ங்கிற பேச்சே வேண்டாம், 35,000-க்கு மேல ஒரு ரூபா கொடுக்காதே. முதல் பாடிக்காரர்கிட்ட நாளைக்குக் காலையில போ, வெளிச்சம் இருக்கும்போதே வானத்தை எடுத்துப் பாரு.

எண்கணக்கு:
போங்கள். போய் அந்த மிச்சம் 8,000-ஐயும் அங்கேயே அடித்துத் தீர்த்துவிட்டு வாருங்கள்.