பாய்சான் மாடலில் டீவியன்ஸ் எகிறுகிறது, நட்சத்திரங்களை நம்பலாமா?

கேள்வி: புள்ளியியலுக்கான ஆர் மென்பொருளின் மாஸ் பேக்கேஜில் வரும் குவைன் தரவு: ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் வால்கெட் ஊரில் 146 பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள். சாதாரண ரிக்ரெஷனில் ரெசிட்யுவல் (உண்மை மதிப்புக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசம்) புனல் மாதிரி விரிகிறது. லாக் எடுக்கலாமென்றால் 0 இருக்கிறது. 1 கூட்டினால் ஒரு விடை, 0.5 கூட்டினால் வேறு விடை. இனம், பாலினம், வகுப்பு நிலை, கற்கும் வேகம் நான்கையும் வைத்து, எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் மாடல் போட்டேன். எல்லாவற்றுக்கும் மூன்று நட்சத்திரம் (p மதிப்பு 0.001-க்கும் கீழ்). ஆனால் டீவியன்ஸ் (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) 1696.7, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (146-இலிருந்து மாடல் மதிப்பிட்ட 7 எண்களைக் கழித்தது) 139; இரண்டும் கிட்டத்தட்ட ஒத்திருக்கணுமே.

பதில் 1: நம்பாதீங்க. பாய்சானில் சராசரியும் வேரியன்ஸும் (சிதறலின் அளவு) ஒன்றாக இருக்கணும். இங்கே மொத்தமாகப் பார்த்தாலே 16.5-க்கு 264. பியர்சன் ரெசிட்யுவல்களின் (வித்தியாசத்தைக் கணித்த சராசரியின் வர்க்கமூலத்தால் வகுத்தவை) வர்க்கங்களைக் கூட்டி 139-ஆல் வகுங்க, 13 சொச்சம் வரும். அதன் வர்க்கமூலம் 3.6. உங்கள் ஸ்டாண்டர்ட் எரர் (ஒவ்வொரு கெழுவும் எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) எல்லாம் அத்தனை மடங்கு சின்னதாக நிற்கிறது. அந்த 13-ஐக் கணக்கில் எடுக்கும் குவாசிபாய்சான் போட்டால் கெழு மாறாது, எரர் மட்டும் சரியாகும். பாலினக் கெழுவை எரரால் வகுத்தால் வரும் 3.8 அப்படியே 1.05-க்கு இறங்கிவிடும், நட்சத்திரமும் போய்விடும்.

பதில் 2: குவாசியில் ஏஐசி (மாடல்களை ஒப்பிடும் அளவு, குறைந்தால் நல்லது) கிடைக்காது. வேரியன்ஸ் சராசரியைவிடப் பெரிதாக இருக்க இடம்தரும் நெகட்டிவ் பைனாமியலும் போட்டுப் பாருங்க. தீட்டா (அந்தக் கூடுதல் சிதறலைத் தீர்மானிக்கும் எண்) 1.275, டீவியன்ஸ் 168 வரும். ஏஐசி பாய்சானின் 2299-இலிருந்து 1109-க்கு விழும். இதில் வேரியன்ஸ், சராசரியோடு அதன் வர்க்கத்தைத் தீட்டாவால் வகுத்ததைக் கூட்டியது: சராசரி 16 என்றால் 217. எது பொருந்தும் என்று பார்க்க, கணித்த மதிப்புகளை எட்டுப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொன்றிலும் ரெசிட்யுவல் வர்க்கத்தின் சராசரியைக் கணித்த சராசரிக்கு எதிரே வரையுங்க. நேர்கோடு என்றால் குவாசி, மேலே வளைந்தால் நெகட்டிவ் பைனாமியல்.

கேட்டவர்: நன்றி, ஓடியது. வகுப்பு நிலையையும் கற்கும் வேகத்தையும் பெருக்கிச் சேர்த்தால் ஒரு கெழுவில் என்ஏ (மதிப்பு இல்லை) வருகிறது. 0-க்காக ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடல் (கூடுதல் 0-களுக்கெனத் தனிப் பகுதி உள்ளது) வேணுமா?

பதில் 2: என்ஏ பிழையில்லை. தரவின் மேல் வகுப்பான எஃப்3-இல் மெதுவாகக் கற்பவர் ஒருவர்கூட இல்லை; டேபிள் போட்டால் அந்தக் கட்டம் காலி. 0-க்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாடல் தரும் 0-இன் நிகழ்தகவைக் கூட்டி, தரவில் உள்ள 0-களோடு ஒப்பிடுங்க. கிட்டத்தட்ட ஒத்துப்போனால் தேவையில்லை. பாய்சான் சொன்னதைவிட 0 அதிகம் என்பது காரணமே ஆகாது, சராசரி 16-இல் அது 0-ஐ எதிர்பார்ப்பதே இல்லை.

பதில் 1: ஒன்று கவனிங்க. அனோவாவுக்கு (மாடல்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆர் கட்டளை) ஒரே நெகட்டிவ் பைனாமியல் மாடலைக் கொடுத்தால் தீட்டாவை மாற்றாமலே சோதிக்கும், எச்சரிக்கையும் காட்டும். பெருக்கல் உள்ளது, இல்லாதது என இரண்டு மாடலையும் தனித்தனியே பொருத்திச் சேர்த்துக் கொடுங்க.