புளிக்குழம்பும் வறுவலும் இல்லாமல் இரவுக்கு இலகுவான மீன் உணவு: ஆலோசனை தேவை

கேள்வி: குரோம்பேட்டை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்திலிருந்து நான் வீடு வந்து சேர மாலை ஏழு மணி ஆகிவிடுகிறது. 72 வயதாகும் என் மாமனார் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது மீன் இல்லையென்றால் அவருக்குச் சாப்பிட்ட நிறைவே வருவதில்லை. ஆனால் இரவில் புளியும் காரமும் எண்ணெயும் சேர்ந்த உணவை உண்டால் நெஞ்சு கரிக்கிறது என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்குத் தெரிந்தவையோ என் அம்மா கற்றுக்கொடுத்த புளிக்குழம்பும், மிளகாய்த்தூள் பூசிப் பொரிக்கும் வறுவலும் மட்டுமே. மீனைக் காலையிலேயே வாங்கி, சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். அதை அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு இதமாகச் சமைக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நாகர்கோவில் அக்கா

எங்கள் ஊரில் அடிக்கடி செய்யும் நெத்திலி அவியல் உங்களுக்குப் பொருந்தும். மீனைத் தேங்காய் அரைப்புடன் வேகவைத்து நீர் வற்ற இறக்குவதையும் நாங்கள் அவியல் என்றே சொல்கிறோம். கால் கிலோ நெத்திலிக்கு ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், சிறிது மஞ்சள்தூள், நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துக்கொள்ளுங்கள். மையாக அரைத்தால் குழம்பு போல ஆகிவிடும். மண்சட்டியில் மீனையும் அரைப்பையும் உப்பையும் அரைக் குவளைத் தண்ணீரையும் சேர்த்து, மாங்காய் கிடைக்கும் காலமானால் புளிக்குப் பதிலாக இரண்டு கீற்று போட்டு, மூடி வைத்தால் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இல்லையென்றால் மீன் உடைந்துவிடும். கடைசியில் கறிவேப்பிலையும் ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும் போதும், தாளிக்க வேண்டியதில்லை. தலையைக் கிள்ளி இழுக்கும்போதே குடலும் சேர்ந்து வந்துவிடுவதால் நெத்திலியைச் சுத்தம் செய்வதும் பெரிய வேலையில்லை. கஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை.

பதில்: யாழ்ப்பாணத்து வாசகர்

சகோதரிக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு பெரும்பாலும் இடியப்பமும், தேங்காய்ப்பாலில் காய்ச்சும் காரம் குறைந்த நீர்த்த குழம்பான சொதியும்தான். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காய்ச்சலில் இருந்து எழும்பியவர்களுக்கும் மீன் சொதியையே கொடுப்போம். நேரம் குறைவு என்கிறீர்கள். மீன் உங்களுக்கு ஒத்துழைக்கும். இறைச்சியைப் போல நீண்ட நார்களும் கெட்டியான இணைப்புத் திசுவும் மீனில் இல்லாததால், விரல் தடிப்புத் துண்டு கொதிக்கும் தேங்காய்ப்பாலில் ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் வைத்தால்தான் உலர்ந்து சக்கையாகிறது.

அரை மூடித் தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதற்பாலைத் தனியாகவும் இரண்டாம் பாலைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். இரண்டாம் பாலில் அரிந்த சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் ஒன்று, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துக் கொதிக்க விட்டு, வெங்காயம் அவிந்ததும் மீன் துண்டுகளை இடுங்கள். நாங்கள் விளைமீன், திரளி போன்ற வெள்ளைச் சதை மீன்களைத்தான் சொதிக்குத் தேர்ந்தெடுப்போம். மீன் வெந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரப் போகும்போதே இறக்கிவிட வேண்டும். உங்கள் மாமனாருக்கு நெஞ்செரிவு இருப்பதால் முதற்பாலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், ஏனெனில் தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. தேசிக்காய்ப்புளியும் (எலுமிச்சைச் சாறு) அளவாக, சில துளிகள் மட்டுமே. இடியப்பம் அவிப்பதற்கு நேரமில்லையென்றால் கடையில் வாங்கினாலும் குறையில்லை.

பதில்: காசிமேட்டில் மீன் விற்பவர்

சமையலை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் மீனைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் காலையில் உப்புத் தடவி மாலை வரை வைப்பதை விட்டுவிடுங்கள், அம்மா. உப்பு பத்து மணி நேரம் மீனிலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வறுவலுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் சொதியிலும் அவியலிலும் மீன் கடினமாகிவிடும். கழுவி, நீரை நன்றாக வடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் வைத்து, சமைக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் போதும்.

பெரியவருக்கு முள் குறைவாகவும் சதை மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பதால் கிழங்கான், சங்கரா, கொடுவா ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வஞ்சிரம் விலை அதிகம், இந்த வகைச் சமையலுக்கு அது தேவையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அப்போது நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறிய மீன்களைத் தேடி வாங்குவது நல்லது.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, உண்டவருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். வாங்கிய கையோடு வீட்டுக்குப் போக முடியாத நாளில் அந்த மீன்களை வாங்க வேண்டாம்.

பதில்: புதுச்சேரி சமையலறை

எண்ணெய் வேண்டாம் என்றால் இட்லிப் பானையே போதும். முள் நீக்கிய கொடுவாத் துண்டில் உப்பு, மஞ்சள், பொடித்த சீரகம், சிறிது இஞ்சி பூசி, வாட்டிய வாழையிலையில் மடித்து ஆவியில் பத்து நிமிடம் வையுங்கள். கரண்டி முனையால் தொட்டால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

குரோம்பேட்டை மருமகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கிழங்கான் வாங்கி, காசிமேட்டு அண்ணன் சொன்னபடி உப்பில்லாமல் வைத்திருந்து, சொதி செய்தேன். மீன் பஞ்சு போல இருந்தது. மாமனார் இடியாப்பத்தை முழுவதும் சாப்பிட்டுவிட்டு இரவு நன்றாகத் தூங்கினார். ஆனால் பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே நீருமாகப் பிரிந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றை மீனோடு சேர்த்தே ஊற்றிக் கொதிக்க விட்டதுதான் காரணமா?

யாழ்ப்பாணத்து வாசகர்

ஆம், அதுவேதான். புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் தேங்காய்ப்பால் பிரிந்துவிடும். அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தேசிக்காயைப் பிழிந்து, கரண்டியால் மெதுவாக ஒரு முறை கலக்குங்கள். முதற்பால் விட்ட பிறகு மூடியும் போட வேண்டாம், கவனிக்காமல் விட்டால் மூடிய சட்டியில் கொதி ஏறிவிடும்.